லடாக்கில் பாறை பார்க்கப் போகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ஜூலையில் இருபது மாணவர்களுடன் லே போகிறோம். முந்தைய அணியின் குறிப்பேட்டைப் பார்த்தால், வழியில் கண்ட கற்குவியல் எல்லாவற்றுக்கும் ‘மொரெய்ன்’ (பனியாறு விட்டுச்சென்ற கற்குவியல்) என்றே எழுதியிருக்கிறார்கள். பனியாறு கொண்டுவந்து போட்டதையும் ஓடைவெள்ளம் போட்டதையும் இடத்தில் நின்றே எப்படிப் பிரிப்பது? (கல்லூரி ஆசிரியர், சேலம்)

பதில்: கிட்டே போகும்முன் தள்ளி நின்று வடிவத்தைப் பாருங்கள். லேயில் சாந்தி ஸ்தூபி மேடு இதற்கு நல்ல இடம். தெற்கே, சிந்து நதிக்கு அப்பால் ஸ்டோக் மலை தெரியும். அதன் ஒவ்வொரு ஓடைவாயிலிருந்தும் விரித்த விசிறிபோல ஒரு சரிவு இறங்கும். வாயருகே சாய்வு அதிகம், கீழே வர வரத் தட்டை. இதுதான் வண்டல் விசிறி. இந்த விசிறிகள் வளர்ந்து வளர்ந்து நதியையே வடக்கே தள்ளிவிட்டன. ஸ்பிட்டுக் மடாலயக் குன்றின் காலடியில் நதி ஒட்டி ஓடுவதைக் காணலாம். மொரெய்ன் இப்படி விரியாது. பள்ளத்தாக்கின் பக்கச்சுவரை ஒட்டி நீளும் கரையாகவோ, குறுக்கே வளைந்த வரம்பாகவோ நிற்கும்.

அடுத்து, சாலைக்காக வெட்டிய முகம் ஒன்றைத் தேடுங்கள். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் கண்ணில் பட்டதை மட்டும் பொறுக்காமல், வரிசையாக 50 கற்களை எண்ணுங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று விஷயம் எழுதவேண்டும்: எந்தப் பாறை, விளிம்பு கூரா மழுங்கலா, நீள அச்சு எந்தத் திசை. ஆற்றுக் கூழாங்கற்கள் உருண்டு, ஓட்டுக்கூரைபோல ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, தண்ணீர் வரும் திசையை நோக்கிச் சரிந்திருக்கும். அளவிலும் ஓரளவு ஒத்திருக்கும். மொரெய்னில் பேருந்து அளவுப் பாறையும் மாவுபோன்ற பொடியும் ஒன்றாகக் கிடக்கும். நேர்மேலே இருக்கும் மலையில் இல்லாத பாறைவகைகளும் கலந்திருக்கும். மேலிருந்து உதிர்ந்த சரிவுக்கற்கள் என்றால் எல்லாம் ஒரே வகை, எல்லாம் கூர்.

ஏமாறும் இடம் சேற்றுப்பாய்வு. மேகவெடிப்பில் கல்லும் சேறும் குழம்பாக இறங்கிப் படிந்தால், அதுவும் மொரெய்ன் போலவே கலவையாகத்தான் இருக்கும். 2010 ஆகஸ்ட் 5 நள்ளிரவை ஒட்டி லேயிலும் அருகிலுள்ள சோக்லம்சரிலும் இறங்கி இருநூறுக்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்டது இத்தகைய பாய்வுதான். அடையாளம் இரண்டு. வெட்டுமுகத்தில் அடுக்கு அடுக்காக வரும், ஒவ்வொரு அடுக்கும் ஒருமுறை வந்த பாய்வு. மேற்பரப்பில் தடத்தின் இரு ஓரத்திலும் பெரிய கற்கள் வரப்புபோல ஒதுங்கியிருக்கும். பனியாறு உரசிய கீறல்களை வைத்து முடிவுசெய்யலாம் என்று பாடநூல் சொல்லும். அது சரிதான், ஆனால் லேக்கு வடக்கேயுள்ள மலை முழுதும் கிரானைட். அதன் மேற்பரப்பு பருக்கை பருக்கையாக உதிர்வதால் கீறல் நிலைக்காது. ‘கீறல் இல்லை, ஆகவே மொரெய்ன் இல்லை’ என்று எழுதிவிடாதீர்கள்.

கேள்வி: சிந்து கரையோரப் பாறைகள் எண்ணெய் தடவியதுபோல கரும்பழுப்பாக மின்னுகின்றன. இரும்புத் தாதுவா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: இல்லை. சாலையோரம் ஏற்கெனவே உடைந்து கிடக்கும் துண்டு ஒன்றை எடுத்துப் பாருங்கள். உள்ளே உப்பும் மிளகும் தூவியதுபோல வெள்ளை கிரானைட். மேலே இருப்பது பாலைப்பூச்சு: களிமண் துகளோடு இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகள் சேர்ந்து, வறண்ட காற்றில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்த தோல். கனம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இராது. கல்லின் வானம் பார்த்த பக்கம் கறுத்திருக்கும். மண்ணில் பதிந்த அடிப்பக்கம் பல இடங்களில் ஆரஞ்சுச் சாயலாக இருக்கும்.

இதனால் பெரிய பயன் ஒன்று உண்டு. ஒரே விசிறியில் கறுத்த பகுதி, வெள்ளம் வெகுகாலமாக எட்டாத பழைய தரை. வெளிறிய பட்டை, அண்மையில் தண்ணீர் வந்த தடம். வரைபடத்தில் இவற்றைத் தனித்தனியே குறியுங்கள். வெளிறிய தடத்தில் கூடாரம் மட்டும் போடாதீர்கள். மேலே வானம் தெளிவாக இருந்தாலும் வேண்டாம்.

சுத்தியலை இந்தப் பாறைகள் பக்கமே கொண்டுபோகக் கூடாது. டோம்கர், அல்ச்சி பகுதிகளில் பழங்கால மனிதர்கள் இந்தக் கரும்பூச்சைக் கொத்தி ஐபெக்ஸ் காட்டாடுகளையும் வேட்டைக்காரர்களையும் வரைந்திருக்கிறார்கள். ஓர் அடி பட்டால் போனது போனதுதான்.

கேள்வி: பாறை அடுக்கின் சாய்வை அளக்கும்போது ஒரே இடத்தில் மூன்று பேருக்கு மூன்று திசை வருகிறது. கருவி பழுதா? (முதுநிலை மாணவி, திருச்சி)

பதில்: பெரும்பாலும் கருவியில் கோளாறு இருக்காது. முதலில் கைப்பேசி உறையைக் கழற்றுங்கள். பல உறைகளில் மூடி ஒட்டிக்கொள்ளக் காந்தம் வைத்திருக்கிறார்கள். சுத்தியலையும் பையையும் பின்னால் சில மீட்டர் தள்ளி வையுங்கள், வண்டியிலிருந்து இருபது மீட்டராவது விலகுங்கள். அப்படியும் மாறினால் பாறையைச் சந்தேகியுங்கள். இந்தியத் தட்டும் ஆசியாவும் ஒட்டிய தையல்கோடு சிந்துப் பள்ளத்தாக்கை ஒட்டித்தான் போகிறது. அங்கே தலைகாட்டும் பழைய கடலடிப் பாறைகளில், வழவழப்பான கரும்பச்சை சர்ப்பென்டைனில் குறிப்பாக, மாக்னடைட் என்ற காந்தத்தன்மையுள்ள இரும்புக் கனிமம் இருக்கும். அது முள்ளை இழுத்துவிடும்.

சோதனை எளிது. நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து ஐம்பது மீட்டர் தள்ளி நிற்கும் தோழியைப் பார்த்துத் திசை எடுங்கள். அவர் அங்கிருந்து உங்களைப் பார்த்து எடுக்கட்டும். இரண்டுக்கும் வித்தியாசம் 180 பாகை. இரண்டு பாகைக்கு மேல் தவறினால் அங்கே காந்தமுள்ளை நம்பாதீர்கள். ஜிபிஎஸ்ஸில் இரண்டு புள்ளி குறித்து, அடுக்கு ஓடும் திசையை வரைபடத்திலிருந்து எடுங்கள். சாய்வுக்கோணத்துக்குக் காந்தம் தேவையில்லை, சாய்வை அளக்கும் கிளினோமீட்டர் சரியாகவே காட்டும். பாறை கரடுமுரடாக இருந்தால் குறிப்பேட்டை அதன்மேல் அழுத்தி, அட்டையின்மேல் அளந்தால் மூன்று பேருக்கும் ஒரே எண் வரும்.

கேள்வி: பனிமலைக்கு நடுவே, நூப்ரா பள்ளத்தாக்கின் ஹுந்தரில் மணல்மேடு எப்படி வந்தது? தார் பாலைவன மணலா? (வாசகி, மதுரை)

பதில்: உள்ளூர் மணல்தான். பனியாறுகள் அரைத்த பாறைப்பொடியை ஷியோக், நூப்ரா ஆறுகள் அகன்ற படுகையில் பரப்புகின்றன. தண்ணீர் வடிந்ததும் பிற்பகல் பள்ளத்தாக்குக் காற்று அதை வாரிக் குவிக்கிறது. ஒரு சிட்டிகையைக் கைலென்ஸில் பாருங்கள். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிவைத்து, மணலைத்தான் கிட்டே கொண்டுவரவேண்டும். கண்ணாடித்துண்டு போன்ற குவார்ட்ஸ், மங்கலான ஃபெல்ட்ஸ்பார், மின்னும் மைக்கா எல்லாம் தெரியும். நெடுந்தூரம் காற்றில் உருண்ட மணலில் மைக்கா இவ்வளவு தாங்காது.

மேட்டின் செங்குத்தான பக்கம் 32 முதல் 34 பாகை சாய்ந்திருக்கும். காற்று அதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. மேலே தெரியும் சிற்றலைகளை நம்பித் திசை எழுதாதீர்கள். அவை நேற்றைய காற்றைத்தான் சொல்லும்.

கேள்வி: இமாசலப் பிரதேசத்து ஸ்பிட்டியில் லாங்சா கிராமத்தில் அம்மோனைட் (சுருள் ஓடுள்ள பழங்கடலுயிரியின் புதைபடிவம்) கிடைக்கிறதாமே, ஒன்று கொண்டுவரலாமா? (பள்ளி ஆசிரியர், பெரம்பலூர்)

பதில்: வேண்டாம். பக்கத்தில் அளவுகோல் வைத்து மேலிருந்தும் பக்கவாட்டிலும் படமெடுத்து, அது எந்த அடுக்கில் இருந்தது என்று எழுதிக்கொண்டு, இருந்த இடத்திலேயே விடுங்கள். அடுக்கைவிட்டு வந்த அம்மோனைட் வெறும் அலங்காரக் கல். அது இருக்கும் அடுக்கு, சுமார் 15 கோடி ஆண்டுக்கு முந்தைய டெதிஸ் என்ற பழங்கடலின் கருஞ்சேற்றுப் பாறை. நேபாளத்துச் சாளக்கிராமங்களும் அதே காலத்துப் பாறையிலிருந்து வருபவைதான்.

பெரம்பலூர்க்காரரான உங்களுக்கு இன்னொரு செய்தி. ஸ்பிட்டி அடுக்குகளை ஆராய்ந்து அவற்றுக்கு மூத், லிலாங், கியுமல் என அங்குள்ள ஊர்ப்பெயர்களை வைத்த புவியியலாளர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா, உங்கள் பக்கத்து அரியலூர்ப் பகுதி கிரெட்டேசியஸ் காலப் புதைபடிவங்களையும் விரிவாக விவரித்தவர். 1874-ல் யார்க்கந்திலிருந்து திரும்பும் வழியில், லடாக்கில், உயரத்தால் வந்த நோயில் இறந்தார். வயது 36. நினைவுத்தூண் லேயில் இருக்கிறது.

கேள்வி: விமானத்தில் போய் மறுநாளே கர்துங் லாவுக்கு ஏறலாமா? நாட்கள் குறைவு. (மாணவர் குழு, கோவை)

பதில்: கூடாது. லே 3,500 மீட்டர், கர்துங் லா கணவாய் 5,300-க்கு மேல். முதல் இரண்டு நாள் லேயிலேயே தங்கி, ஸ்தூபி மேட்டிலிருந்து படம் வரையுங்கள். அதுவே உருப்படியான வேலை. தலைவலியோடு வாந்தி வந்தால் மேலே ஏறாதீர்கள். நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உடனே கீழே இறங்கவேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கணவாயில் இருபது நிமிடத்துக்குமேல் நிற்கவேண்டாம். அங்கே அளவு எடுத்தால் ஒருவர் படிக்க, எழுதுபவர் அதைத் திருப்பிச் சொல்லட்டும். அந்த உயரத்தில் 35 என்பது 53 ஆகிவிடுவது சகஜம்.

விமானத்தில் சுத்தியல் கைப்பையில் வேண்டாம், செக்-இன் பெட்டியில் போகட்டும். அமிலம் விமானத்தில் ஏறாது. லேயில் வினிகர் வாங்கி, கத்தியால் சுரண்டிய பொடியில் விட்டால் சுண்ணாம்புப் பாறை மெல்ல நுரைக்கும். தமிழ்நாட்டு ப்ரீபெய்ட் சிம் அங்கே எடுக்காது, போஸ்ட்பெய்ட் ஒன்றாவது குழுவில் இருக்கட்டும்.