இணையர் முந்திக்கொண்டு அடி வைப்பது பற்றி

வணக்கம். டாங்கோ நடன வகுப்பில் சரியாக வரும் ஓச்சோ (இணையர் சுழன்று சுழன்று எட்டு வடிவில் வைக்கும் அடிகள்) மிலோங்காவில், அதாவது டாங்கோ ஆடும் கூடலில், புதியவர்களுடன் குலைந்துவிடுகிறது என்றும், இணையர் முந்திக்கொண்டு அடி வைப்பதால் கையை இன்னும் இறுக்கிப் பிடிக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இறுக்காதீர்கள்.

டாங்கோவில் வழிநடத்துவது மார்புதான். முதலில் உங்கள் மார்பு திரும்ப வேண்டும். இணையர் தம் முழு எடையையும் ஒரே காலில் நிறுத்தி, அதன் முன்பாதத்தில் சுழன்று முடித்த பிறகே அடுத்த அடிக்கான அழைப்பு வர வேண்டும். உங்கள் எடை இரு கால்களுக்கும் நடுவில் நின்றால் அவர் ஊகித்துத்தான் ஆட முடியும். அவர் முந்துவதாக உங்களுக்குத் தோன்றுவது பெரும்பாலும் அந்த ஊகமே. ஆகவே தாண்டாவின் (ஒரே இணையருடன் தொடர்ந்து ஆடும் சில பாட்டுகளின் தொகுப்பு) முதல் பாட்டில் ஓச்சோவை விட்டுவிட்டு, நின்ற இடத்திலேயே எடையை மாற்றி, அவர் எந்தக் காலில் நிற்கிறார் என்பது ஐயமின்றித் தெரிந்த பின் நடந்து மட்டும் ஆடுங்கள். கார்லோஸ் தி சார்லி இசைக்குழுவின் நிதானமான பாட்டுகள் இதற்கு மிகவும் ஏற்றவை.

பயிற்சியில் பின்தொடர்பவராகவும் ஆடிப் பாருங்கள். முற்காலத்தில் புவனோஸ் அயர்ஸில் ஆண்கள் தமக்குள் பயிற்சி செய்தபோது, முதலில் பின்தொடரப் பழகிய பிறகே வழிநடத்தத் தொடங்கினார்கள். அரங்கிலேயே இணையரைத் திருத்துவது மட்டும் வேண்டாம். அது மிலோங்காவில் மரியாதைக் குறைவாகவே கருதப்படும்.