பாதை ஏன் செத்தது என்று முதலில் கேளுங்கள்: மலைநடை கேள்வி-பதில்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் வெளுத்ததும் இந்த மாதிரிக் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். இந்தமுறை வந்தவற்றில் பெரும்பாலும் பழனி மலையும் போடி மலையும்தான். சிலவற்றுக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

கொடைக்கானலில் இருந்து பேரிஜம் வழியாக மூணாறுக்கு ஒரு பழைய ரோடு இருந்ததாமே, அதில் ஒரு நாள் நடந்து பார்க்கலாமா? (மதுரை வாசகர்)

ரோடு இன்னும் இருக்கிறது, போகத்தான் முடியாது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் சென்னையில் இறங்கிவிட்டால் வெள்ளைக்காரர்கள் கொச்சிப் பக்கம் தப்பி ஓடுவதற்காகச் செப்பனிட்டு வைத்த வழி என்பதால் ‘எஸ்கேப் ரோடு’ என்று அதற்குப் பெயர் விழுந்தது. சில இடங்களில் 2,400 மீட்டருக்கும் மேலே ஏறும். 1990 வாக்கில் போக்குவரத்து நின்றுபோனது. இப்போது கேரளப் பக்கம் பாம்பாடும் சோலை தேசியப் பூங்கா, நம் பக்கம் காப்புக்காடு. கொடைக்கானலில் வனத்துறை அனுமதி வாங்கினால் பேரிஜம் ஏரி வரைக்கும் வண்டியில் போய் வரலாம், அதற்கு மேல் கிடையாது.

கைவிட்ட பாதை எதைப் பார்த்தாலும் நான் முதலில் விசாரிப்பது அது எப்படிச் செத்தது என்பதைத்தான். உத்தரவு போட்டு மூடிய பாதை என்றால் பேச்சே இல்லை, விட்டுவிடுங்கள். மலை சரிந்து போன பாதை என்றால் சரிந்த இடம் அப்படியே காத்துக்கொண்டிருக்கும். அதில் நடந்து கொண்டிருந்த வேலை நின்றுபோனதால் செத்த பாதைகள் உண்டே, அவற்றுக்குத்தான் நாம் போகவேண்டும்.

அப்படி வேலை நின்று செத்த பாதைக்கு ஓர் உதாரணம் சொல்லுங்களேன். (தேனி வாசகி)

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மூணாறுக்குப் பக்கத்தில் மலை விளிம்பில் இருக்கும் டாப் ஸ்டேஷனுக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? மூணாறு தேயிலையைக் குண்டளை பள்ளத்தாக்கு ரயிலில் அங்கே கொண்டுவந்து, ரோப்வேயில் தொங்கவிட்டுக் கீழே கோட்டகுடிக்கு இறக்கினார்கள். அந்த ரோப்வேயின் மேல் நிலையம்தான் டாப் ஸ்டேஷன். கீழே வந்த பெட்டிகள் போடிக்குப் போகும். 1924 பெருவெள்ளம் ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது, திரும்பக் கட்டவே இல்லை. சுமை வருவது நின்றால் பாதையில் புல் முளைக்கும், அவ்வளவுதான்.

இப்போது அந்த மலையடிவாரத்தில் இருக்கும் குரங்கணி பக்கம் ஏற வேண்டுமானால் வனத்துறை வழியாக மட்டும்தான். 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 வழித்தடங்களைத் திறந்தார்கள். இணையத்தில் பதிவு செய்தால் உள்ளூர் வழிகாட்டி கூட வருவார். “வழிகாட்டி இருந்தால் சாகசம் போய்விடுமே” என்று ஒருவர் எழுதியிருந்தார். போகாது சார். சுமைதாங்கிக் கல் எங்கே புதைந்து கிடக்கிறது என்பது அவருக்குத்தானே தெரியும்.

காட்டுக்குள் பார்ப்பது பழைய மனிதப் பாதையா, மிருகங்கள் போட்ட தடமா? எப்படிக் கண்டுபிடிப்பது? (கோவை வாசகர்)

நல்ல கேள்வி. நானே பலமுறை ஏமாந்திருக்கிறேன்.

முதலில் சரிவைப் பாருங்கள். தலைச்சுமையோடும் கோவேறு கழுதையோடும் போகிறவன் ஒரே சீராக, மூச்சு வாங்காத அளவில்தான் ஏறுவான். செங்குத்து வந்தால் வளைத்து வளைத்துப் போவான். பன்றிக்கும் மானுக்கும் அந்தக் கவலை இல்லை, நேரே ஏறிவிடும். அடுத்து, பாதையின் பள்ளப் பக்கம் இலைச்சருகைக் காலால் விலக்குங்கள். சுண்ணாம்பு, சிமெண்ட் எதுவும் இல்லாமல் அடுக்கிய கல் வரிசை பாசி பிடித்துத் தெரிந்தால், அது மனிதன் வைத்த கல்தான். மேட்டுப் பக்கம் மண்ணை வெட்டிய தடம் இருக்கும். கொடைக்கானல் உயரத்தில் இன்னோர் அடையாளம், வெளிநாட்டில் இருந்து கொண்டுவந்து நட்ட வாட்டில் மரம். கிளறிய மண்ணில் அது குபுகுபுவென்று முளைக்கும். ஒரே வயது வாட்டில் கன்றுகள் ரிப்பன் மாதிரி நீளமாக ஓடினால் அடியில் பழைய பாதை இருக்க வாய்ப்பு அதிகம்.

மிருகத் தடத்தில் முழங்கால் உயரத்துக்கு வழி தெளிவாக இருக்கும், நெஞ்சு உயரத்தில் கிளைகள் பின்னிக்கொண்டு முகத்தில் அறையும். காட்டெருமைத் தடம் மட்டும் விதிவிலக்கு. அகலமாக, சீராக, ராஜபாட்டை மாதிரி இருக்கும். ஒரு தடவை அப்படி ஒன்றில் முக்கால் மணி நேரம் உற்சாகமாக நடந்தேன். அது ஒரு சதுப்பில் போய் இறங்கி, எட்டு வழியாகப் பிரிந்தது. தண்ணீர் குடிக்கப் போட்ட பாதை, அதற்கு மேல் அவற்றுக்கு என்ன வேலை?

மலைமேல் சுனைத் தண்ணீரைக் குடிக்கலாமா? வெள்ளியங்கிரியில் எல்லாரும் குடிக்கிறார்களே? (ஈரோடு வாசகி)

வெள்ளியங்கிரியில் கைதட்டிச் சுனை, பாம்பாட்டிச் சுனை என்று வழியிலேயே வருவது பக்தர்களின் நம்பிக்கையோடு சேர்ந்த தண்ணீர், அதில் நான் தலையிடவில்லை. ஆனால் யாரும் போகாத குட்டையைக் கண்டால் உடனே ‘சுத்தமான தண்ணீர்’ என்று நினைக்கிறோமே, அது தப்பு. மனிதர்கள் வராத இடத்துக்கு மற்ற எல்லாரும் வருகிறார்கள். எலிக்காய்ச்சல் கிருமி விலங்குகளின் சிறுநீர் வழியாகத் தண்ணீரில் கலக்கும், காலில் ஒரு கீறல் இருந்தாலே உள்ளே போகும். கொதிக்கவிட்டுக் குடியுங்கள். நன்றாகக் கொதி வந்தபின் 1 நிமிடம், 2,000 மீட்டருக்கு மேலே என்றால் 3 நிமிடம். உயரத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், அதனால்தான்.

தேநீர் நிறத்தில் இருக்கும் சோலைத் தண்ணீரைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம், அது மக்கிய இலைச் சாயம். அதையும் கொதிக்க வைக்க வேண்டியதுதான்.

இன்னொன்று, கரை. மேல்மலைக் குட்டைகளின் விளிம்பு பார்க்கப் புல்தரை போலவே இருக்கும், கால் வைத்தால் முழங்கால் வரை உள்ளே போகும். குச்சியால் குத்திப் பார்த்துவிட்டு நடங்கள். பாறைச் சுனை வேறு மாதிரி. விளிம்பு பாசியால் வழுக்கும், உள்ளே விழுந்தால் பிடித்து ஏற ஒரு பிடிமானமும் இருக்காது. நீச்சல் தெரிந்தவர்களே அதில் மாட்டியிருக்கிறார்கள். குளிக்க ஆசையா? ஊருக்குத் திரும்பிக் குளியுங்கள்.

அட்டைக்கு உப்பா, மூக்குப்பொடியா? (நாகர்கோவில் வாசகர்)

இரண்டும் வேண்டாம். நகத்தை அதன் வாய்ப்பக்கம் கொடுத்து நெம்புங்கள், விட்டுவிடும். ரத்தம் கொஞ்ச நேரம் ஓடும், பயப்படாதீர்கள்.

மார்ச்சில் லீவு கிடைக்கிறது. குரங்கணி பக்கம் போகலாமா? (சென்னை வாசகர்)

வேண்டாம். 2018 மார்ச் 11 அன்று அந்தச் சரிவில்தான் காட்டுத்தீயில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த மாதத்தில் புல் ஆளுயரத்துக்குக் காய்ந்து நிற்கும். தீ மேடேறும்போது வேகம் எடுக்கும். மேலே உள்ள புல்லைச் சூடே முன்கூட்டிக் காயவைத்துவிடும். மனிதன் மேடேறும்போது வேகம் குறையும். இந்தக் கணக்கில் நாம் ஜெயிக்கவே முடியாது. எங்காவது புகை தெரிந்தால் மேல்நோக்கி ஓடாதீர்கள். பக்கவாட்டில் விலகி வெறும் பாறைக்கோ ஏற்கெனவே எரிந்து கருகிய தரைக்கோ போங்கள். மார்ச் லீவைக் கடற்கரைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

போனில் இருக்கும் மேப்பில் புள்ளிக்கோடாகப் பாதை காட்டுகிறது. நம்பலாமா? (திருப்பூர் வாசகர்)

அந்தப் புள்ளிக்கோடு எந்தக் காலத்து வரைபடத்தில் இருந்து வந்தது என்று போனுக்குத் தெரியாது. பாதை ‘இருந்தது’ என்பதற்கு மட்டும் அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நேரக் கணக்கு அதைவிட முக்கியம். நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-ல் ஒரு கணக்குச் சொன்னார்: சமமான வழியில் 5 கிலோமீட்டருக்கு 1 மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் கூடுதலாக 1 மணி நேரம். அது நல்ல பாதைக்கு. உண்ணிச்செடி மூடிய பாதையில் எனக்கு மணிக்கு 1 கிலோமீட்டர் தாண்டியதே அதிகம். அதனால் எங்கே இருந்தாலும் மதியம் 1 மணிக்குத் திரும்பிவிடுகிறேன். போக நினைத்த இடம் கண்ணுக்கு எதிரிலேயே தெரிந்தாலும் சரி. சோலைக்குள் 5 மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும், யானையும் காட்டெருமையும் தண்ணீருக்கு வருவதும் அந்த வேளைதான்.

அப்புறம் ஒன்று. போகும்போதே பிரிவுக்குப் பிரிவு நின்று திரும்பிப் பாருங்கள். ஒருமுறை விழுந்து கிடந்த ஒரு மரத்தைச் சுற்றிப் போனேன், திரும்பிப் பார்க்கவில்லை. மாலையில் அதே மரத்தின் மறுபக்கம் வேறு மரம் மாதிரி இருந்தது. இருபது நிமிடம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

வெள்ளகவி வழியாகக் கும்பக்கரைக்கு ஒரே நாளில் இறங்கலாமா? (திண்டுக்கல் வாசகி)

வட்டக்கானலில் விடியற்காலையில் கிளம்பினால் முடியும், முழங்கால்தான் கெஞ்சும். வனச்சரக அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மோட்டார் ரோடு வருவதற்கு முன்னால் கொடைக்கானலுக்கு ஏறிய பழைய வழிகளில் அதுவும் ஒன்று. ஆனால் ‘கைவிடப்பட்ட பாதை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அது சரியில்லை. வெள்ளகவிக்காரர்கள் அரிசி, சிமெண்ட் எல்லாம் அதில்தான் குதிரை முதுகில் ஏற்றிப் போயிருக்கிறார்கள். குதிரை எதிரே வந்தால் மலைப்பக்கம் ஒதுங்கி நில்லுங்கள், பள்ளப் பக்கம் வேண்டாம். ஊர் எல்லை வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் முழுக்கக் கோவில்கள், அங்கே யாரும் செருப்புப் போட்டு நடப்பதில்லை.