ஓய்வுக்கு முன் என்.பி.எஸ். பணம்

கேள்வி: எனக்கு வயது 58. தனியார் கம்பெனியில் கணக்கர். என்.பி.எஸ். (தேசிய ஓய்வூதியத் திட்டம்) கணக்கில் முக்கால்வாசி பங்குச்சந்தையில் இருக்கிறது. ரிட்டயர் ஆனதும் மொத்தத்தையும் எடுத்து கே.டி.சி. நகரில் மனை வாங்கச் சொல்கிறார் மச்சான். செய்யலாமா?
- வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: வேண்டாம் அண்ணாச்சி. மனை மாதாமாதம் பணம் தராது. சிறு தொகையாக இருந்தால் ஒழிய, மொத்தத்தையும் எடுக்கவும் முடியாது. ஒரு பகுதிக்கு ஆன்யுட்டி (மொத்தமாகப் பணம் கட்டினால் ஆயுளுக்கும் பென்ஷன் தருகிற காப்பீட்டுத் திட்டம்) வாங்கியே ஆக வேண்டும்.

பங்குச்சந்தையில் இருப்பதை இப்போதே குறையுங்கள். ஓய்வு பெறுகிற நேரத்தில் சந்தை விழுந்தால், ஏறும்வரை காத்திருக்கக் கையில் சம்பளம் இருக்காது. வருஷத்துக்கு 4 தடவை பங்கீட்டை மாற்றலாம். அதற்கு வரி கிடையாது. கொஞ்சம் கொஞ்சமாக அரசுக் கடன்பத்திரத்துக்குக் கொண்டுபோங்கள்.

ஆன்யுட்டியில்தான் ரொம்பக் கவனம் வேண்டும். நான் தபால் ஆபீஸ் கவுண்டரில் இருந்தபோது ஒரு அம்மா கணவரின் பத்திரத்தைக் கொண்டுவந்து காட்டினார். மாதத் தொகை கூடுதலாக வருகிறதே என்று, தன் ஆயுளுக்கு மட்டும் வருகிற வகையில் டிக் அடித்திருந்தார் அவர். அவர் போனதோடு பணமும் நின்றுவிட்டது. அந்தத் தாளை அந்த அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தது இன்னும் மனசை அறுக்கிறது. மனைவிக்கும் கடைசிவரை வந்து, அப்புறம் போட்ட பணம் பிள்ளைகளுக்குத் திரும்புகிற வகையையே எடுங்கள். தொகை குறையும், குறையட்டும். வாங்கிச் சில வாரம் கழிந்துவிட்டால் மாற்ற முடியாது.

கையில் வருவதில் முதியோர் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம். 5 வருஷத் திட்டம், 3 மாதத்துக்கு ஒருமுறை வட்டி. அதற்கப்புறமும் மிச்சமிருந்தால் மனை பார்க்கலாம் என்று மச்சானிடம் சொல்லுங்கள்.