காணியை ஈடு வைக்க முதல் ஒருக்கால் கதைப்போம்

அக்கா, நீங்கள் அனுப்பிய குரல் செய்தியை இரண்டு தரம் கேட்டேன். மகளுக்கு உயர்தரப் பெறுபேறு வந்துவிட்டது, இணைந்த கணிதம் சி, பௌதிகவியல் சி, தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் பி, அரசாங்கக் கம்பஸ் கிடைக்குமோ கிடைக்காதோ தெரியாது, அதற்குள் கொழும்பில் ஒரு தனியார் நிறுவனம் சைபர் செக்யூரிட்டி டிகிரிக்கு இந்த மாதத்துக்குள் முற்பணம் கட்டினால் கட்டணத்தில் கழிவு தருவதாகச் சொல்லியிருக்கிறது, கட்டாரில் இருக்கிற மகளின் அப்பா போனில் "நிலாவெளிக் காணியை ஈடு வைப்போம்" என்கிறார். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: இந்த மாதம் ஒரு சதமும் கட்ட வேண்டாம். கழிவு போனால் போகட்டும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு விண்ணப்பிக்காமல், அனுமதிக்கு வேண்டிய ஆகக் குறைந்த புள்ளியான வெட்டுப்புள்ளியும் வராமல், பதினைந்து வருடமாக அவர் வெயிலில் நின்று சேர்த்த காணியைத் தொடக்கூடாது.

மகள் கேட்பது பிழையான படிப்பு இல்லை. அதில் உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம். ஆனால் டிகிரியின் பெயரில் சைபர் என்ற சொல் இருந்தே ஆக வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடிக்கிறாள் என்றீர்களே, அதில்தான் நான் அவளோடு உடன்படவில்லை. வள்ளத்துக்குள் தண்ணீர் எந்த இடத்தால் வரும் என்று வள்ளம் கட்டினவருக்குத்தான் தெரியும். கணனியும் அப்படித்தான். நிரல் எழுதத் தெரியாமல், ஒரு நெட்வேர்க்கில் தகவல் எந்த வழியால் போய் எந்த வழியால் வருகிறது என்று விளங்காமல், இயக்க முறைமை நினைவகத்தை எப்படிப் பங்கிடுகிறது என்று தெரியாமல் பாதுகாப்பு மட்டும் படித்த பிள்ளை, யாரோ செய்து கொடுத்த கருவியின் பொத்தானை அழுத்துகிற ஆளாகவே நின்றுவிடும். கணனி விஞ்ஞானம் ஒழுங்காகப் படித்த பிள்ளை பாதுகாப்புப் பக்கம் எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம், நான்காம் வருட ஆய்வுத் திட்டத்தில் திரும்பலாம், வேலைக்குப் போன பிறகும் திரும்பலாம்.

போன சனிக்கிழமை அவள் என்னிடம் வந்தபோது ஒன்று செய்து பார்த்தோம், உங்களிடம் சொன்னாளோ தெரியாது. என் லப்டொப்பில் பயிற்சிக்கென்று நானே செய்து வைத்த ஒரு சின்ன லொகின் பக்கம் இருக்கிறது. அதை அவளுடைய போனில் திறந்து பொய்யாக ஒரு கடவுச்சொல் அடிக்கச் சொன்னேன். 'கோணேசர்123' என்று அடித்தாள். லப்டொப்பில், நெட்வேர்க்கில் போய்வருகிற தகவலைப் பிடித்துக் காட்டுகிற வயர்ஷார்க் என்ற இலவச மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது, வந்து விழுகிற வரிகளில் ஒன்றைத் திறந்து காட்டினேன், அவள் அடித்தது அப்படியே ஒரு எழுத்து மாறாமல் கிடந்தது. முகம் வெளிறிப்போனது பிள்ளைக்கு. பிறகு அதே பக்கத்தைப் பூட்டுக் குறியோடு, அதாவது குறியாக்கம் செய்து, மறுபடி அனுப்ப வைத்தேன். இப்போது வந்ததெல்லாம் குழம்பிய எழுத்துகள். மற்றப் பிள்ளைகள் இந்த இடத்தில் "சூப்பர்" என்று சொல்லிவிட்டு அடுத்ததைக் கேட்பார்கள். உங்கள் மகள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப இந்தப் பூட்டுக்குரிய திறப்பு மற்றப் பக்கத்துக்கு எப்படிப் போகுது? அதையும் நடுவில நிக்கிற ஆள் பார்ப்பாரே?" என்று கேட்டாள்.

அக்கா, அந்தக் கேள்விக்குத்தான் 1976இல் டிஃபி, ஹெல்மன் என்ற இரண்டு பேர் விடை சொன்னார்கள், அடுத்த வருடம் ரிவெஸ்ட், ஷமிர், ஏடில்மன் என்ற மூன்று பேர் பகா எண்களை வைத்து இன்னொரு வழி கண்டார்கள், இன்றைக்கு உங்கள் வங்கிச் செயலி பாதுகாப்பாக ஓடுவதற்குப் பின்னால் நிற்பது அந்தக் கணிதம்தான். உயர்தரம் முடித்த கையோடு அந்தக் கேள்வியைத் தானாகக் கேட்கிற பிள்ளைக்கு இந்தத் துறை பொருந்தும். கணிதத்தில் சி என்று கவலைப்படாதீர்கள், ஆனால் கணிதத்தை இனி விட்டுவிடலாம் என்று அவள் நினைத்தால் அதை இன்றைக்கே திருத்துங்கள்.

சரி, வழிகளுக்கு வருவோம். அரசாங்கப் பல்கலைக்கழகம்தான் முதல் வழி, கற்கைக் கட்டணம் இல்லை, தகுதி இருந்தால் மகாபொல புலமைப்பரிசிலும் கிடைக்கும். அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், மீதி 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு. அந்தப் பட்டியலில் எங்கள் திருகோணமலையும் இருக்கிறது. ஆகவே பக்கத்து வீட்டார் "மூன்று ஏ இல்லாமல் கம்பஸை நினைக்காதே" என்று சொன்னதைக் காதில் வாங்க வேண்டாம். வெட்டுப்புள்ளி வருடா வருடம் மாறும், நான் ஊகித்துச் சொல்ல மாட்டேன். பார்க்க வேண்டியது அவளுடைய இசட் புள்ளி (வெவ்வேறு பாடங்களின் புள்ளிகளை ஒப்பிடக்கூடியதாகச் சமப்படுத்திக் கணக்கிடுவது), கடந்த மூன்று நான்கு வருடங்களில் எங்கள் மாவட்டத்துக்கு வந்த வெட்டுப்புள்ளிகள், இரண்டும்தான். இரண்டையும் ஒரு கடதாசியில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

எங்கள் ஊரிலேயே, நிலாவெளி வீதியில் கோணேசபுரியில் இருக்கிற கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் கணனி விஞ்ஞானம் படிப்பிக்கிறார்கள். நீங்கள் அதைச் சொன்னதும் அவள் "இங்கேயா?" என்று மூக்கைச் சுளித்தாளாம். உப்புவெளியிலிருந்து பஸ்ஸில் போய்ப் படித்துவிட்டு இரவு வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டு, மிச்ச நேரத்தில் தன் லப்டொப்பில் பரிசோதனை செய்கிற பிள்ளைக்கும், கொழும்பில் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் கணக்குப் பார்த்துக்கொண்டு படிக்கிற பிள்ளைக்கும் உள்ள வித்தியாசத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கணனி விஞ்ஞானம், 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியா, ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம், இவற்றிலுள்ள கணனி, தகவல் தொழினுட்பக் கற்கைநெறிகளையும் விண்ணப்பத்தின் விருப்ப ஒழுங்கில் போடலாம். மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் ஒவ்வொன்றுக்கும் என்ன பாடச் சேர்க்கை வேண்டும் என்று இருக்கிறது, இரசாயனவியலுக்குப் பதில் தகவல் தொடர்பாடல் எடுத்த பிள்ளை என்பதால் இதை வரி வரியாக வாசிக்க வேண்டும். விருப்ப ஒழுங்கை ரியூசன் வாசலில் சிநேகிதிகளோடு சேர்ந்து நிரப்ப விடாதீர்கள், ஒருமுறை அனுப்பிய ஒழுங்கால் வருடக்கணக்கில் அழுத பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அரசாங்கத்தில் கிடைக்காவிட்டால் உடனே தனியாரிடம் ஓட வேண்டும் என்றும் இல்லை. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கணனிக் கல்லூரி 2000ஆம் ஆண்டிலிருந்து பி.ஐ.டி என்ற தகவல் தொழினுட்ப வெளிவாரிப் பட்டம் நடத்துகிறது. வீட்டிலிருந்து படிக்கலாம், தனியார் டிகிரியோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு, முதல் வருடத்தோடு நின்றால் டிப்ளோமா, இரண்டாம் வருடத்தோடு நின்றால் உயர் டிப்ளோமா. ஆனால் தானாக உட்கார்ந்து படிக்கிற பழக்கம் இல்லாத பிள்ளைக்கு அது கடினம், இடையில் விட்டவர்கள் நிறைய. உங்கள் மகளுக்கு அந்தப் பழக்கம் இருக்கிறதா என்பது என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும்.

இனித் தனியார். மாலபேயில் உள்ள எஸ்.எல்.ஐ.ஐ.டி போன்ற இடங்களில் இணையப் பாதுகாப்பைச் சிறப்புத்துறையாக எடுத்து நான்கு வருடம் படிக்கலாம், தரமான படிப்புத்தான், ஆனால் மொத்தச் செலவு பத்து இலட்சத்தைத் தாண்டும், கொழும்பில் இருக்கிற செலவு வேறு. நீங்கள் படம் எடுத்து அனுப்பிய துண்டுப் பிரசுரத்தில் எனக்குப் பிடிக்காதது இரண்டு. பட்டம் கொடுப்பது யார் என்று முன்பக்கத்தில் இல்லை, பின்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறது. உள்நாட்டு நிறுவனம் தானே பட்டம் வழங்குவதென்றால் 1978ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டம் 25ஏ பிரிவின் கீழ் அங்கீகாரம் இருக்க வேண்டும், வெளிநாட்டுப் பட்டம் என்றால் அந்தப் பல்கலைக்கழகம் இங்கே ஏற்கப்படுகிறதா என்று மானியங்கள் ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேட்க வேண்டும். சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு குடும்பம், நகை முழுவதையும் அடகு வைத்துச் சேர்ந்த பிறகு, மூன்றாம் வருடத்தில் அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு இருந்த ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று கடிதம் வந்தது. அந்தத் தாய் என் மேசைக்கு முன்னால் இருந்து அழுதது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அவர்களைச் சேர முதல் நான் சந்திக்கவில்லையே என்ற கவலைதான், அதனால்தான் உங்களிடம் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன்.

இரண்டாவது, பாட விபரம். முதல் அரையாண்டிலேயே 'எத்திக்கல் ஹக்கிங்', அதாவது அனுமதியோடு ஊடுருவிச் சோதிப்பது, இருக்கிறது, கணனி விஞ்ஞானத்துக்கு அடிப்படையான தனிநிலைக் கணிதம் எந்த வருடத்திலும் இல்லை. தரவுக் கட்டமைப்பு, இயக்க முறைமை, நெட்வேர்க், தரவுத்தளம், கணிதம், இவை முதல் இரண்டு வருடத்தில் இருக்கிறதா என்று ஒரு பேனையால் சரி போட்டுப் பாருங்கள். இரண்டு மூன்றுக்குச் சரி போட முடியாவிட்டால் எவ்வளவு கழிவு தந்தாலும் வேண்டாம்.

"ஹக்கிங் என்றால் பொலிஸ் பிடிக்காதா" என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணனிக் குற்றச் சட்டத்தின்படி அனுமதியில்லாமல் அடுத்தவருடைய கணனிக்குள் நுழைவதே குற்றம், எதையும் எடுக்காவிட்டாலும், "சும்மா பார்த்தேன்" என்றாலும். பக்கத்து வீட்டு வைஃபையில் விளையாடவே கூடாது என்று மகளிடம் நானும் சொல்லியிருக்கிறேன், நீங்களும் சொல்லுங்கள். பழகுவதற்கென்றே அனுமதியோடு திறந்து வைத்த இடங்கள் இருக்கின்றன, ஓவர்-த-வயர் என்ற இணையத்தளத்தில் பண்டிட் என்ற பயிற்சித் தொடர், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் பிக்கோ-சி.டி.எஃப் என்ற போட்டி, இரண்டும் இலவசம்.

வேலை எப்படி இருக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். படத்தில் வருவதுபோல் இருட்டறையில் இருந்து உடைக்கிற வேலை மிகச் சிலருக்குத்தான். 2023 ஆகஸ்டில் எங்கள் அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவையை ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவைத்துக் காசு கேட்கிற மென்பொருள், தாக்கியபோது மூன்று மாதத்துக்கும் மேலான கடிதங்கள் மீட்க முடியாமல் போயின, அந்தக் காலத்துக்குரிய பிரதிகள் எடுத்து வைக்கப்படவில்லை என்பதால். ஒவ்வொரு நாளும் பிரதி ஒழுங்காக எடுபட்டதா என்று பார்ப்பது, பழைய மென்பொருளை மாற்றச் சொல்லி அறிக்கை எழுதுவது, திரையில் ஓடுகிற எச்சரிக்கைகளில் எது உண்மை எது பொய் என்று பிரிப்பது, அநேகமான ஆட்கள் தொடங்குவது இங்கேதான். கண்காணிப்பு நிலையங்களில் இரவு முறை வரும், பெண் பிள்ளை என்று நீங்கள் பயப்படுவது விளங்குகிறது, வேலைக்குச் சேரும்போது போக்குவரத்து ஒழுங்கைக் கேட்டுத்தான் சேர வேண்டும். திருகோணமலைக்குள் இந்த வேலைகள் குறைவு, கொழும்புக்குத்தான் போக வேண்டி வரும், வீட்டிலிருந்து செய்கிற வேலை அனுபவம் வந்த பிறகு கிடைக்கலாம். அறிக்கை எழுதுவதெல்லாம் ஆங்கிலத்தில், டிகிரியும் ஆங்கிலத்தில், ஆகவே முடிவு வரும்வரை இருக்கிற இந்த மாதங்களில் காசு செலவழிக்க வேண்டும் என்றால் ஒரு நல்ல ஆங்கில வகுப்புக்குச் செலவழியுங்கள்.

செயற்கை நுண்ணறிவு வந்து இந்த வேலையெல்லாம் போய்விடும் என்று மைத்துனர் சொன்னாராம். சில வேலைகள் மாறும், அது உண்மை. அடிப்படை தெரிந்த பிள்ளை மாறுகிற வேலையோடு சேர்ந்து மாறும்.

லப்டொப் இப்போதே வாங்கலாம், ஆனால் விளையாட்டுக்கென்று விற்கிற விலை கூடியது வேண்டாம். 16 ஜிபி நினைவகம், எஸ்.எஸ்.டி என்ற வேகமான சேமிப்பகம், இரண்டும் இருந்தால் பாவித்தது என்றாலும் போதும், 8 ஜிபி என்றால் பிறகு கூட்டக்கூடியதா என்று கடையில் கேளுங்கள், ஒரு கணனிக்குள் இன்னும் இரண்டு கணனியை ஓடவிட்டுப் பழக வேண்டி வரும்.

வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டு பேரும் வாருங்கள். பெறுபேற்றுத் தாள், மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூல், அந்தத் துண்டுப் பிரசுரம், மூன்றையும் கொண்டு வாருங்கள். அவருக்கும் கட்டாரில் அது விடியற்காலை ஏழரைதான், வேலைக்குப் போக முதல் என்றால் முடியுமா என்று கேட்டுப் பாருங்கள், வீடியோவில் எடுத்து நால்வரும் சேர்ந்தே விருப்ப ஒழுங்கை எழுதுவோம்.