லென்ஸ் ஹூட்: மாட்டுவதா, கழற்றுவதா?

தைப்பூசம் நெருங்கினால் எங்கள் கோவில் இளைஞர்கள் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னைத் தேடி வருவார்கள். இந்த முறை அவர்கள் கேட்டவற்றில் பாதிக்கு மேல் லென்ஸ் ஹூட் பற்றியவை. மொரீஷியசில் கல்யாணப் படம் எடுத்தே தலை நரைத்தவன் என்ற ஒரே தகுதியில் பதில் சொல்கிறேன்.

லென்ஸோடு ஒரு கறுப்பு வளையம் கொடுத்தார்கள். அழகுக்கா, வேலைக்கா? (கத்ர் போர்ன் மாணவர்)

தூரத்தில் வரும் பஸ்ஸின் பலகையைப் படிக்க நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறோம் அல்லவா, அந்தக் கைதான் ஹூட். சூரியன் படத்துக்குள் இல்லாவிட்டாலும் அதன் ஒளி பக்கவாட்டில் வந்து முன் கண்ணாடியில் விழும். உள்ளே அடுக்கியிருக்கும் கண்ணாடிகளுக்கிடையே அது முட்டி மோதி, படத்தின் மேல் நீர்மோர் தெளித்ததுபோல் ஒரு வெளுப்பைப் பரப்பும். கறுப்புத் தலைமுடி சாம்பலாகும், பட்டுப்புடவையின் அரக்கு மங்கும். அந்த ஒளியை வாசலிலேயே நிறுத்துவதுதான் ஹூட்டின் வேலை.

லெ மோர்ன் கடற்கரையில் சூரியன் மறைவதை எடுத்தேன். ஹூட் இருந்தும் பச்சை வட்டங்கள் வரிசையாக விழுந்தன. ஹூட் மட்டமானதா?

ஹூட்டைத் திட்டாதீர்கள். சூரியனையே படத்துக்குள் அழைத்துவிட்டீர்கள். விருந்தாளியாக வந்தவரைக் குடை பிடித்து எப்படித் தடுப்பது? முன்னால் யூவி ஃபில்டர் என்ற தட்டைக் கண்ணாடி மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள், வட்டங்களுக்கு அதுவும் ஒரு காரணம். கண்ணாடியில் விரல்ரேகையோ உப்புப் படலமோ இருந்தால் துடையுங்கள். அப்படியும் போகவில்லையென்றால் அரையடி நகர்ந்து, கரையிலுள்ள சவுக்கு மரத்தின் பின்னால் சூரியனைப் பாதி ஒளித்துவையுங்கள்.

சூரியன் என் முதுகுக்குப் பின்னால் இருந்தால் ஹூட் வேண்டாம்தானே?

வேண்டாம்தான். ஆனால் இருந்தால் என்ன கெட்டுப்போகிறது? இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வடக்கு நாடுகளில் அச்சான புகைப்படப் புத்தகங்கள், தெற்கு நோக்கி எடுத்தால் எதிர்வெயில் என்று சொல்லும். நாம் தெற்கு அட்சரேகை 20 பாகையில் இருக்கிறோம். ஜூன், ஜூலையில் நம் நண்பகல் சூரியன் வடவானில் நிற்கும். எனவே கோபுரத்துக்குத் தெற்கே நின்று வடக்கு நோக்கி எடுப்பவருக்குத்தான் ஹூட் அவசியம். ஜனவரியிலோ உச்சிவெயில் ஏறக்குறைய நேராக நம் தலைமேல்.

அந்த உச்சிவெயிலில் காவடிக்கு அடியில் முகங்கள் இருண்டுவிடுகின்றன. கேமராவின் சிறு ஃபிளாஷைத் திறந்து எடுத்தால், படத்தின் கீழே பிறைபோல ஒரு கறுப்பு நிழல்!

அது உங்கள் ஹூட்டின் நிழல். சிறு ஃபிளாஷ் லென்ஸுக்குச் சற்றே மேலே இருக்கிறது; அதன் ஒளியை ஹூட்டின் விளிம்பு மறிக்கிறது. அகலக் கோணத்தில், பக்கத்தில் நின்று எடுக்கும்போது நன்றாகவே தெரியும். அந்த நேரத்துக்குக் கழற்றிப் பையில் போடுங்கள். மேலே தனியாகப் பொருத்தும் ஃபிளாஷ் உயரமானது, பெரும்பாலும் இந்தத் தொல்லை இராது.

அப்பாவின் பழைய ஹூட்டை என் லென்ஸில் மாட்டினேன். மூலைகள் கறுத்துவிட்டன.

தூரத்தில் இருப்பதை அருகில் காட்டும் டெலி லென்ஸின் ஹூட் நீளமானது. அதை அகலக் கோண லென்ஸில் மாட்டினால் குழாய் வழியே பார்ப்பதுபோல் ஆகிவிடும். இதழ் வடிவ ஹூட்டென்றால் நீண்ட இதழ்கள் மேலும் கீழும், குட்டையானவை இடமும் வலமும் நிற்க வேண்டும். இடையிலுள்ள வெட்டுகள் படத்தின் மூலைகளுக்கு வழிவிடும். ‘கிளிக்’ என்று பூட்டாமல் கொஞ்சம் திரும்பியிருந்தாலும் மூலை கறுக்கும். கடையில் ஹூட்டை அதன் பிரெஞ்சுப் பெயரில் ‘பார்சொலேய்’ என்று கேட்டு வாங்கும்போது லென்ஸின் மாதிரிப் பெயரையும் சொல்லுங்கள்.

வேறு எப்போது கழற்றுவது?

கடற்கழியின் நீருக்கடியில் தெரியும் பவளத்தை எடுக்க, நீரின் மேல் பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரைப் போட்டால், அதைத் திருப்ப விரலுக்கு இடம் வேண்டும். முக்காலியில் நீண்ட டெலி லென்ஸை வைத்திருக்கும்போது தென்கிழக்குக் காற்று வீசினால் ஹூட் பாய்மரமாகிவிடும். பூச்சியை நெருங்கி எடுக்கையில் ஹூட்டின் நிழல் அதன்மேலேயே விழும். மற்ற நேரமெல்லாம் என் லென்ஸில் அது இருக்கும், இரவிலும்கூட; தெருவிளக்கும் பக்கவாட்டில் அடிக்கிற ஒளிதானே.

ஹூட்டை முன்பின்னாகத் திருப்பி மாட்டியபடியே எடுக்கிறேன். தவறா?

திருப்பி மாட்டுவது பையில் வைப்பதற்காக. அப்படியே படமெடுப்பவர், மழையில் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நனைபவர். சில லென்ஸ்களில் ஜூம் வளையத்தையும் அது மூடிவிடும். ஒரு கல்யாணத்தில் மண்டபப் படியில் என் கேமரா உருண்டது. ஹூட் இரண்டாகப் பிளந்தது, கண்ணாடியில் கீறல்கூட இல்லை. அன்று அது திரும்பியிருந்தால் தாலி கட்டுவதைப் பக்கத்திலிருந்த மாமாவின் கைப்பேசியில்தான் எடுத்திருப்பேன்.