என் மகன் சந்தாவை நிறுத்திவிட்டான்

திரைக்கு இந்தப் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

முலுண்டிலிருந்து ஒரு வாசகர்: கல்லூரியில் படிக்கும் என் மகன், இணையத்தில் படம் காட்டும் முபி தளத்தின் சந்தாவை நிறுத்திவிட்டான். ஏதோ ஓர் அமெரிக்க முதலீட்டு நிறுவனம் அதில் பணம் போட்டதாம், அதனால் வேண்டாமாம். வருடச் சந்தா கட்டியது நான். பணம் போட்டவர் யாராக இருந்தால் என்ன, படம் நல்ல படம்தானே? நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்கள்.

ஐயா, உங்கள் மகன் எதை விட்டிருக்கிறான் என்று முதலில் சொல்கிறேன். முபி 2007-ல் தொடங்கியது. எஃபே சகாரெல் என்ற துருக்கியர் ஆரம்பித்தார். ரொம்ப நாள் அதில் முப்பது படங்கள்தான் இருக்கும். தினம் ஒரு படம் உள்ளே வரும், முப்பது நாள் முடிந்த படம் வெளியே போகும். இந்தியாவுக்கு 2019 நவம்பரில் வந்தபோது நானும் சேர்ந்தேன். ஜிடிபி நகரில் ஏறி வடாலாவில் வண்டி மாறி அந்தேரி போகிற நேரத்தில் துண்டு துண்டாகப் பார்ப்பேன். நள்ளிரவோடு போய்விடும் என்றிருந்த ஒரு படத்தின் கடைசி இருபது நிமிடத்தை அந்தேரி பிளாட்பாரத்தில் நின்றபடியே பார்த்து முடித்திருக்கிறேன். ஆயிரம் படம் கொட்டிக் கிடக்கும் இடம் அல்ல அது. விஷயம் தெரிந்த ஒருவர் நமக்காகப் பார்த்து, பொறுக்கி எடுத்துக் கையில் கொடுக்கிறார் என்ற நம்பிக்கைக்குத்தான் அங்கே பணம் கட்டினோம்.

2025 மே மாதம் செக்கோயா கேப்பிடல் அதில் 10 கோடி டாலர் முதலீடு செய்தது. முபியின் மதிப்பு 100 கோடி டாலர் என்று கணக்கிட்டார்கள். அதே செக்கோயா, கேலா என்ற இஸ்ரேலியப் பாதுகாப்புத் தொழில்நுட்ப நிறுவனத்திலும் பணம் போட்டிருந்தது. காஸாவில் போர் நடந்துகொண்டிருந்த நேரம். சந்தாதாரர்கள் பலர் விலகினார்கள். அகி கௌரிஸ்மாகி, மிகேல் கோமிஸ் போன்ற இயக்குநர்கள் கையெழுத்துப் போட்டு ஒரு திறந்த கடிதம் எழுதினார்கள். முதலீட்டாளர்களின் தனிப்பட்ட கருத்து எங்கள் கருத்தல்ல என்று முபி பதில் சொன்னது. அந்தப் பதில் நிறையப் பேருக்குப் போதவில்லை, உங்கள் மகனுக்கும்தான்.

அவன் செய்ததில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நம் வீடுகளில் தலைமுறையாக வாங்கிய பத்திரிகை கை மாறியதும் அதன் குரல் மாறிவிட்டது என்று பேப்பர்காரரிடம் நாளையிலிருந்து போட வேண்டாம் என்று சொன்ன பெரியவர்கள் உண்டு. அதில் நல்ல செய்தியே வராது என்று அவர்கள் நினைத்துச் சொல்லவில்லை. நான் என் சந்தாவை நிறுத்தவில்லை. வேறெங்கும் வாங்க ஆளில்லாத படங்களுக்கு அங்கே இன்னும் ஒரு விலை கிடைக்கிறது, அது நின்றுவிடக் கூடாது என்று நினைத்தேன். உங்கள் மகனுக்கு அந்தக் காரணம் சின்னதாகத் தெரியலாம். இருபது வயதில் எனக்கும் தெரிந்திருக்கும். பணம் உங்களுடையது, அதனால் நிறுத்தும் முன் அவன் உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அதை மட்டும் கேளுங்கள். படம் நல்லதா கெட்டதா என்ற வாக்குவாதம் வேண்டாம்.

தாராவியிலிருந்து ஒரு பொறியியல் மாணவர்: அக்கா, சோனி வாங்கிய பிறகுதான் கிரஞ்சிரோல் தளத்தில் அனிமே, அதாவது ஜப்பான் கார்ட்டூன் தொடர்கள், தமிழில் வருகிறது. விலையும் குறைந்தது. பெரிய கம்பெனி வந்ததால் நமக்கு லாபம்தானே? பழைய ரசிகர்கள் ஏன் இன்னும் புலம்புகிறார்கள்?

தம்பி, நானும் அந்தப் பழைய ஆள்களில் ஒருத்தி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கிரஞ்சிரோல் 2006-ல் தொடங்கியது. கலிஃபோர்னியாவில் பெர்க்லியில் படித்த இளைஞர்கள் ஆரம்பித்த தளம். அப்போது யார் வேண்டுமானாலும் அதில் ஏற்றலாம். ஏறியதில் பெரும்பங்கு, ரசிகர்களே சப்டைட்டில் போட்ட ஜப்பான் தொடர்கள். உரிமை எதுவும் கிடையாது. அந்தக் காலத்தில் சயான் கோலிவாடாவில் ஒற்றை அறை வீட்டில் நானும் அந்த வேலையைச் செய்தேன். மொழிபெயர்ப்பு வேறொருவர், எனக்கு நேரம் பிரிக்கிற வேலை. ஏஜிசப் என்ற மென்பொருளில் ஒலி அலை பச்சையாக ஓடும். வசனம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று கோடு போட வேண்டும். மூச்சு இழுக்கும் இடத்தில் கோடு விழுந்தால் எழுத்து முந்திக்கொள்ளும், பார்ப்பவருக்கு உறுத்தும். இருபத்திரண்டு நிமிடத் தொடருக்கு மூன்று மணி நேரம் ஆகும். பாட்டி பக்கத்தில் தூங்குவாள். என் ஹெட்போனில் ஒரு காது செத்துப் போயிருக்கும், வலது காதாலேயே முழுத் தொடரையும் கேட்பேன். காலையில் கண் எரியும். ஒரு ரூபாய் வராது. முன்பின் பார்த்திராத யாரோ ஒருவர் பிரேசிலிலிருந்து நன்றி என்று எழுதியிருப்பார், அதைப் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போவேன்.

2008-ல் வென்ராக் என்ற முதலீட்டு நிறுவனம் அந்தத் தளத்தில் 40 லட்சம் டாலருக்கு மேல் போட்டது. அனுமதி இல்லாத தொடர்கள் இன்னும் தளத்தில் ஓடிக்கொண்டிருந்த சமயம். உரிமம் வாங்கித் தொழில் செய்த கம்பெனிகள் கொதித்தன. எங்களுக்கு வேறு விதமாக வலித்தது. நாங்கள் சும்மா கொடுத்ததை வைத்து இவர்கள் முதலீடு திரட்டுகிறார்களே என்று தோன்றியது. 2009 ஜனவரியில் டிவி டோக்கியோ என்ற ஜப்பான் தொலைக்காட்சியோடு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது, உரிமை இல்லாததெல்லாம் தளத்திலிருந்து போனது. ஜப்பானில் ஒளிபரப்பான சில மணி நேரத்தில் சப்டைட்டிலோடு பார்க்க முடிந்தது. எங்கள் வேலைக்கு அதோடு தேவை இல்லாமல் போனது. அது நியாயமான முடிவு என்று அன்றே எனக்குப் புரிந்தது. படம் வரைந்தவருக்குக் காசு போகாமல் நான் எத்தனை இரவு விழித்தும் அவருக்கு என்ன பயன்? இருந்தாலும் மனசு கனத்தது.

அப்புறம் கை மாறிக்கொண்டே இருந்தது. 2013-ல் செர்னின் குழுமம் பெரும்பங்கை வாங்கியது. 2018-ல் ஏடி அண்ட் டி என்ற தொலைபேசி நிறுவனத்தின் முழுக் கைக்குள் போனது. 2021 ஆகஸ்டில் சோனி 117.5 கோடி டாலருக்கு வாங்கி முடித்தது. சோனியிடம் 2017 முதலே ஃபனிமேஷன் என்ற இன்னொரு அனிமே நிறுவனம் இருந்தது, அதனால் இரண்டு போட்டியாளர்களும் ஒரே வீட்டுக்குள் வந்துவிட்டார்கள். லாபம் என்று நீ சொல்வது உண்மை. 2022-ல் இந்தியாவுக்கு மாதம் 79 ரூபாய் என்று விலையை இறக்கினார்கள். தமிழ் டப்பிங் வந்தது. என் அக்கா மகள் சப்டைட்டிலைப் படிக்கும் வேகம் வராத வயதில் சோஃபாவில் படுத்துக்கொண்டு தமிழில் அனிமே பார்க்கிறாள். அதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கிறது.

இனி புலம்பலுக்கு வருகிறேன். ஃபனிமேஷனில் டிவிடி வாங்கியவர்களுக்கு அதோடு ஒரு டிஜிட்டல் பிரதியும் கொடுத்திருந்தார்கள். என்றைக்கும் உங்களுடையது என்று சொல்லிக் கொடுத்தது. 2024 ஏப்ரல் 2-ம் தேதி அந்தச் செயலியை மூடினார்கள், பிரதிகளும் அதோடு போயின. அதே வருடம் ஜூலையில் கிரஞ்சிரோலில் ஒவ்வொரு தொடருக்கும் கீழே இருந்த கருத்துப் பகுதியை எடுத்துவிட்டார்கள், பழைய கருத்துகளையும் சேர்த்து. வசவும் சண்டையும் அங்கே இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஜப்பானிய மொழிச் சிலேடை ஒன்று ஆங்கிலத்தில் செத்துப் போயிருக்கும்போது, யாரோ ஒருவர் அங்கே நாலு வரியில் அதை விளக்கியிருப்பார். கோயில் திருவிழாக் காட்சி வந்தால் அது எந்த ஊர், எதற்கு அந்த விளக்கு என்று ஒருவர் எழுதியிருப்பார். அத்தனையும் காசு வாங்காமல் செய்தவை. அடுத்து, 2025 ஜூலையில் ஒரு தொடரின் ஜெர்மன் சப்டைட்டிலில் "சாட்ஜிபிடி சொன்னது" என்ற வரி அப்படியே திரையில் வந்தது. ஒப்பந்தக்காரர் ஒருவர் விதியை மீறிவிட்டார் என்று விளக்கம் சொன்னார்கள். நான் இன்று அந்தேரியில் சப்டைட்டில் சரிபார்க்கும் வேலையில்தான் இருக்கிறேன். ஒரு வரி திரைக்குப் போகும் முன் குறைந்தது ஒரு மனிதக் கண் அதன் மேல் பட வேண்டும். அந்த வரி மேல் ஒரு கண்ணும் படவில்லை. மாதாமாதம் பணம் கட்டிய ரசிகர் அதைப் பார்த்துவிட்டு எப்படிப் பேசாமல் இருப்பார்?

79 ரூபாயும் தமிழ்க் குரலும் வந்ததை அவர்கள் யாரும் மறுக்கவில்லை தம்பி. அவர்கள் கேட்பது, தாங்கள் கையால் சேர்த்து வைத்ததை அழிக்கும் முன் ஏன் தங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று.

வாஷியிலிருந்து ஒரு வாசகி: சின்ன ஓடிடிகளுக்கு மாதச் சந்தாவா, வருடச் சந்தாவா?

மாதச் சந்தா. பழைய படங்களுக்கென்று இருந்த ஒரு சின்னத் தளத்தில் மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினேன். பத்தாம் மாதம் நிறுவனம் கை மாறியதாக மின்னஞ்சல் வந்தது, பதிமூன்றாம் மாதம் தளமே இல்லை. மீதிப் பணத்துக்கு எழுதிய நான்கு கடிதங்களுக்கும் பதில் இல்லை. பணம் போனதைவிட, நான் குறித்து வைத்திருந்த படப் பட்டியல் அதோடு போனதுதான் இன்னும் உறுத்துகிறது. பட்டியலை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

மாட்டுங்காவிலிருந்து பணி ஓய்வு பெற்ற ஒருவர்: ரசிகர்கள் எழுதி, கத்தி, இதுவரை எதாவது மாறியிருக்கிறதா?

மாறியிருக்கிறது ஐயா, 2018-ல். அந்த ஜூனில் ஏடி அண்ட் டி, டைம் வார்னர் என்ற பெரிய ஊடக நிறுவனத்தை வாங்கியது. செலவைக் குறைக்கும் வேலை ஆரம்பித்தது. டைம் வார்னரின் கையில் இருந்த, கொரியத் தொடர்களுக்குப் பேர்போன டிராமாஃபீவர் தளத்தை அக்டோபர் 16-ம் தேதி மூடினார்கள். அறிவிப்பும் மூடலும் ஒரே நாளில். பத்து நாள் கழித்து, செவ்வியல் படங்களுக்கென்று இருந்த ஃபில்ம்ஸ்டிரக்கையும் நவம்பர் 29-ல் மூடுவதாகச் சொன்னார்கள். இந்த முறை ரசிகர்களுக்கு ஒரு மாதம் கையில் இருந்தது. ஆயிரக்கணக்கில் கையெழுத்து சேர்ந்தது. ஸ்கார்செஸி, ஸ்பீல்பெர்க், நோலன் எல்லாம் கடிதம் எழுதினார்கள். ஃபில்ம்ஸ்டிரக் திரும்பவில்லை. ஆனால் அதற்குப் படங்கள் கொடுத்த கிரைடீரியன் நிறுவனம் 2019 ஏப்ரல் 8-ல் தன் சொந்த சேனலைத் தொடங்கியது. தொடங்கும் முன்பே முன்பணம் கட்டிச் சேர்ந்தவர்கள் அந்த ரசிகர்கள்தான். சத்தம் போட்டதோடு சந்தாவும் கட்டினார்கள், அது நடந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் மட்டும்தான் அதைப் பார்க்க முடியும் என்பது நமக்கு வருத்தம்.

டிராமாஃபீவர் ரசிகர்களுக்கு அந்த ஒரு மாதம் கிடைக்கவே இல்லை.

செம்பூரிலிருந்து ஒரு வாசகி: விக்கி தளத்தில் கொரியத் தொடர்களுக்கு இரவில் உட்கார்ந்து சப்டைட்டில் போடுகிறேன், தன்னார்வமாக. "ஜப்பான் கம்பெனிக்கு நீ ஏன் சும்மா வேலை செய்கிறாய்?" என்று என் கணவர் கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அம்மா, அவர் கேட்பது நியாயமான கேள்வி. விக்கி 2007-ல் தொடங்கியது. வீடியோ என்ற சொல்லையும் விக்கிப்பீடியாவில் வரும் 'விக்கி'யையும் சேர்த்து வைத்த பெயர். பார்ப்பவர்களே கூடி மொழிபெயர்ப்பதுதான் அதன் அடிப்படை. 2013-ல் ராகுட்டன் என்ற ஜப்பான் நிறுவனம் அதை வாங்கியபோது விலை 20 கோடி டாலர் என்று செய்தி வந்தது. அந்த விலைக்குள் உங்களைப் போன்றவர்களின் இரவுகளும் இருந்தன. நன்றாகப் பங்களிப்பவர்களுக்கு இலவசச் சந்தா கொடுக்கிறார்கள், அதோடு சரி.

நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியில் ஒரு விஷயம் எழுதியிருக்கிறீர்கள். கொரிய மொழியில் 'ஒப்பா' வரும் இடத்திலெல்லாம் ஆங்கிலத்தில் ஆளின் பெயரைப் போட்டுவிடுகிறார்கள், தமிழில் அப்படிச் செய்யக் கை வரவில்லை என்று. நானும் இதில் மண்டையை உடைத்திருக்கிறேன். ஒரு பெண் கூடப் பிறந்த அண்ணனையும் ஒப்பா என்பாள், காதலிப்பவனையும் ஒப்பா என்பாள். அண்ணா என்று போட்டால் காதல் காட்சி கெட்டுப்போகும். அத்தான் என்று போட்டால் முதல் இரண்டு பாகத்திலேயே கதையைச் சொல்லிவிட்டோம். ஆங்கிலத்துக்கு இந்தச் சிக்கலே கிடையாது, அதனால் தீர்வும் அங்கே கிடைக்காது. கொரியர்கள் மரியாதைக்குப் பெயரோடு 'ஷி' சேர்த்தால் நம் 'ங்க' கிட்டத்தட்ட உட்காரும். அப்பா மட்டும் அங்கேயும் அப்பாதான். இதையெல்லாம் யோசிக்கிற ஆள் நம் மொழிக்கு வேண்டும்.

ஆனால் சில ஏற்பாடுகள் செய்துகொள்ளுங்கள். எந்தத் தொடரில் எந்தப் பாகம் உங்களுடையது என்று தேதியோடு எழுதி வையுங்கள். நாளைக்கு வேலை கேட்டுப் போனால் அதுதான் உங்கள் சான்று. வாரத்துக்கு இத்தனை மணி என்று வரம்பு வையுங்கள். இந்தத் தேதிக்குள் முடித்தே ஆக வேண்டும் என்று யாராவது கேட்டால், அது தன்னார்வம் இல்லை, கூலி வேலை. கூலி கேளுங்கள். கூச்சப்படாதீர்கள். உங்கள் கணவரையும் ஒரு நாள் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு காட்சிக்குக் கோடு போடச் சொல்லுங்கள்.

அப்புறம், நீங்கள் கடிதத்தில் சொன்ன அந்தக் காட்சியில், மழையில் குடையோடு அவள் அவனைக் கூப்பிடும் இடத்தில், கடைசியில் என்ன சொல் போட்டீர்கள்? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.