டிராக் டேவுக்கு முன் பிரேக் பேட் மாற்றியே ஆக வேண்டுமா? வீட்டிலேயே மாற்றிக்கொள்ள முடியுமா?

கேட்டவர் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் வைத்திருக்கிறார். அடுத்த மாதம் முதல் தடவையாக, சொந்தக் காரை ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்க்கும் டிராக் டேவுக்காக, சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓட்டப்போகிறார். கம்பெனி பேட் இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது, அதை வைத்தே ஓட்டலாமா என்பது கேள்வி. நானும் அதே காரைத்தான் வைத்திருக்கிறேன், அதே டிராக்கில்தான் ஓட்டுகிறேன். அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பேட் மாற்றுங்கள். ஆனால் அதற்கு முன்னால் பிரேக் ஆயிலை மாற்றுங்கள். இரண்டில் ஒன்றுக்குத்தான் இந்த மாதம் பணம் இருக்கிறது என்றால், ஆயிலை மட்டும் மாற்றிக்கொண்டு வந்து வேகத்தைக் குறைத்து ஓட்டிவிட்டுப் போங்கள். புது பேடும் பழைய ஆயிலும் வைத்துக்கொண்டு டிராக்கில் இறங்காதீர்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. என்னுடைய முதல் டிராக் டேயில், இரண்டாவது செஷனின் ஐந்தாவது சுற்று. நேர்ப்பாதை முடிந்து வளைவுக்காகப் பிரேக்கில் கால் வைத்தேன். பெடல் ஈரப் பஞ்சை மிதித்தது போல உள்ளே போய்க்கொண்டே இருந்தது, கார் குறையவில்லை. காலை எடுத்து மறுபடி மிதித்தேன், கொஞ்சம் பிடித்தது. மூன்றாவது மிதியில்தான் வேகம் இறங்கியது. அதற்குள் வளைவு கடந்துவிட்டது. ஓரத்துப் புல்லைத் தாண்டி மண்ணில் போய் நின்றேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த ஒரு விநாடி, தரை வரை போன பெடல், இன்னும் என் காலில் இருக்கிறது.

மெதுவாக உருட்டிக்கொண்டு, கார்களை நிறுத்திவைக்கும் பேடாக்குக்கு வந்தேன். அங்கே ரேஸ் கார்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு மெக்கானிக் அண்ணன் குனிந்து சக்கரக் கம்பிகளுக்கு நடுவே டார்ச் அடித்துப் பார்த்தார். "பேடுல ஒண்ணும் இல்ல தம்பி. ஆயில் கொதிச்சிருக்கு. எப்ப மாத்தினீங்க?" என்றார். மூன்று வருடமாக மாற்றவில்லை. சர்வீஸ் பில்லில் ஒவ்வொரு முறையும் 'பிரேக் ஆயில் செக்' என்று டிக் மட்டும் இருந்தது.

என்ன நடக்கிறது என்றால், பிரேக் என்பது ஓட்டத்தைச் சூடாக மாற்றுகிற கருவி. நம் கார் ஆளோடு சேர்த்து ஏறக்குறைய 1,500 கிலோ. மணிக்கு 160 கிலோமீட்டரிலிருந்து 80-க்கு ஒரே மூச்சில் குறைத்தால் வெளியேறும் சக்தி சுமார் 11 லட்சம் ஜூல். குழாயில் பிடித்த மூன்றே முக்கால் லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக அது போதும். அடுப்பில் அதற்குக் கால் மணி நேரமாவது ஆகும். இங்கே மூன்று நான்கு விநாடியில் முடிகிறது. அதில் பெரும்பங்கு முன்பக்கத்து இரண்டு டிஸ்க்குகளுக்குத்தான் போகிறது. அவை ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். 3.7 கிலோமீட்டர் டிராக்கில் 12 வளைவுகள். எல்லாவற்றிலும் பிரேக் வேண்டாம், ஆனாலும் ஒரு சுற்றில் நாலைந்து இடத்தில் பலமாக மிதிப்பீர்கள். பூந்தமல்லி ரோட்டில் ஒரு மாதம் ஓட்டினாலும் பிரேக்குக்கு இந்த வேலை வராது.

அந்தச் சூடு பேட் வழியாக, அதை டிஸ்க்கில் அமுக்கும் பிஸ்டனுக்கும், பிஸ்டன் வழியாக ஆயிலுக்கும் போகிறது. டாட் 4 என்ற தர வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அதே ஆயிலுக்கு 155 டிகிரியே போதும். கொதித்தால் ஆவிக் குமிழி வரும். ஆயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். நீங்கள் மிதிக்கிற மிதி எல்லாம் குமிழியை அமுக்குவதிலேயே போய்விடும், பிஸ்டனும் பேடும் உட்கார்ந்திருக்கும் காலிபருக்கு எதுவும் போய்ச் சேராது. சென்னைக் காற்றின் ஈரத்தைச் சொல்லவே வேண்டாம். டிராக்குக்கு வருகிறவர்கள் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஆயில் மாற்றும் கணக்கெல்லாம் வைத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு டிராக் டேவுக்கும் முன்னால் முழு ஆயிலையும் மாற்றுவதுதான் என் வழக்கம். ரேஸுக்கென்றே விற்கும் டாட் 4 ஆயில், மோட்டுல் ஆர்பிஎஃப் 600 மாதிரி, புதிதாக இருக்கும்போது 300 டிகிரியைத் தாண்டும். கடைக்காரர் டாட் 5 என்று எதையாவது நீட்டினால் மட்டும் வாங்காதீர்கள். அது சிலிக்கான், நம் காருக்கு ஆகாது. டாட் 5.1 வேறு, அதைப் போடலாம்.

இப்போது பேடுக்கு வருவோம். கம்பெனி பேட் மோசமானது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காலையில் குளிர்ந்திருக்கும்போதே பிடிக்க வேண்டும், கிரீச்சிடக் கூடாது, டிஸ்க்கைத் தின்னக் கூடாது என்று யோசித்துச் செய்தது அது. ஆனால் பேடின் துகள்களைக் கட்டி வைத்திருக்கும் பிசின் 300, 350 டிகிரி வாக்கில் தளர ஆரம்பிக்கும். டிராக்கில் டிஸ்க் 400, 500 டிகிரிக்குச் சாதாரணமாகப் போகும். அப்போது பிசினிலிருந்து கிளம்பும் வாயு பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே மெல்லிய படலம் போல நிற்கும். இதைத்தான் ஃபேட் என்கிறார்கள்.

இரண்டு கோளாறுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காலால் தெரிந்துகொள்ளுங்கள். பெடல் கல் மாதிரி கெட்டியாக இருக்கிறது, ஆனால் கார் குறையவில்லை என்றால் பேட் தோற்றுவிட்டது. பெடல் தொளதொளவென்று உள்ளே போகிறது என்றால் ஆயில் கொதித்துவிட்டது. முதலாவது வந்தால் இரண்டு சுற்று மெதுவாக ஓட்டி ஆறவிடலாம். இரண்டாவது வந்தால் மறுபடி மறுபடி மிதித்துப் பெடலை மேலே கொண்டுவந்து, அந்தச் சுற்றோடு உள்ளே வந்துவிட வேண்டும். ஆறியதும் பெடல் சரியாகிவிட்டது போலத் தோன்றும். ஏமாறாதீர்கள். பிரேக் குழாய்களில் காற்றெடுத்துப் புது ஆயில் விடாமல் மறுபடி இறங்கக் கூடாது.

எந்த பேட் என்றால், வீட்டிலிருந்து அதே காரை ஓட்டிக்கொண்டு டிராக்குக்கு வந்து, அதிலேயே திரும்பிப் போகிறவருக்கு முழு ரேஸ் பேட் வேண்டாம். அது சூடேறினால்தான் பிடிக்கும். காலையில் முதல் சிக்னலில் ஆட்டோ ஒன்று குறுக்கே வரும்போது பச்சையாகவே பிடிக்காது. நான் போடுவது ஃபெரோடோ டிஎஸ்2500. குளிரிலும் பிடிக்கும், 500 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். லேசாகக் கிரீச்சிடும், வீலில் கறுப்புத் தூசி படியும், அவ்வளவுதான். வேறு கம்பெனிகளிலும் இந்த நடுத்தர வகை கிடைக்கும். பெட்டியில் எழுதியிருக்கும் வெப்ப வரம்பைப் பாருங்கள், நிறத்தையும் பெயரையும் பார்க்காதீர்கள். போலிப் பெட்டிகள் நிறைய வருவதால், விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

பாதிக்கு மேல் இருக்கிறது என்கிறீர்களே, டிராக்குக்கு அந்தக் கணக்கு உதவாது. பேட் தடிமனாக இருக்கும்போது சூட்டுக்கும் ஆயிலுக்கும் நடுவே சுவர் மாதிரி நிற்கிறது. தேயத் தேயச் சுவர் மெலிகிறது. ரோட்டில் மூன்று மில்லிமீட்டர் வரை ஓட்டலாம். டிராக்கில் பாதி தேய்ந்ததுமே கழற்றி ரோட்டு வேலைக்கு வைத்துக்கொள்வது நல்லது.

வீட்டில் மாற்ற முடியுமா? முன்பக்கம் தாராளமாக முடியும். முதல் முறை தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும், அரை நாள் ஒதுக்குங்கள். சமதளமான இடம் வேண்டும். பின் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே கை விடக் கூடாது, ஸ்டாண்ட் கொடுங்கள். கழற்றிய சக்கரத்தையும் காருக்கு அடியில் படுக்கப் போட்டு வைத்தால் இன்னொரு காவல்.

காலிபரைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் கம்பியை எடுக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், தெறிக்கும். பேடில் சென்சார் வயர் இருக்கும் பக்கத்தில் முதலில் அதைக் கழற்ற வேண்டும். காலிபர் நகர்ந்து ஓடும் கைடு பின் இரண்டையும் எடுத்ததும் காலிபர் கையோடு வந்துவிடும். அதை ஹோஸில் தொங்கவிடாதீர்கள். கட்டுக்கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டிவிடுங்கள். தூசியை வாயால் ஊதவோ ஏர் பிடிக்கவோ வேண்டாம். பிரேக் கிளீனர் அடித்துத் துணியால் துடையுங்கள், மூக்கை மூடிக்கொள்ளுங்கள்.

பிஸ்டனை உள்ளே தள்ளுவதுதான் பலரும் அவசரப்படும் இடம். தச்சர் வைத்திருக்கும் ஜி-கிளாம்ப் போதும். பழைய பேடையே பிஸ்டன் மேல் வைத்து, அதன் மேல் கிளாம்ப் கொடுத்துக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருகுங்கள். அதற்கு முன் காலிபரில் ஆயிலை வெளியேற்றும் பிளீடர் நிப்பிளில் ஒரு குழாய் மாட்டி, நிப்பிளைத் திறந்துவிடுங்கள்; பிஸ்டன் உள்ளே போனதும் மூடிவிடுங்கள். காலிபருக்குள் வெந்துபோன ஆயில் மேலே ஏபிஎஸ் யூனிட்டுக்குப் போகாமல் பாட்டிலில் வந்து விழும். முதல் தடவை எனக்கு வந்தது டிகாஷன் நிறத்தில் இருந்தது. அதைப் பார்த்தால் பிறகு ஆயில் விஷயத்தில் யாரும் கஞ்சத்தனம் செய்ய மாட்டார்கள். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் பூட்டையும் அப்போதே பாருங்கள். வறண்டு வெடித்திருந்தால் அன்று பேடை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டக் கூடாது. ஆயில் பெயின்டில் பட்டால் தின்றுவிடும், பக்கத்தில் ஒரு மக்குத் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள்.

பேட் உட்காரும் இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, பேடின் இரு முனையிலும் நீண்டிருக்கும் காது தொடும் இடத்தில் மட்டும் உயர்வெப்ப கிரீஸ் மெல்லியதாகத் தடவுங்கள். உராயும் முகத்தில் விரல்கூடப் படக் கூடாது. எல்லாம் மாட்டிய பிறகு, வண்டியை எடுப்பதற்கு முன்னால், பெடல் கெட்டியாகும் வரை மிதியுங்கள். மறந்தால் ஸ்டார்ட் செய்து நகர்ந்ததும் பிரேக்கே இருக்காது. போல்ட்டுகளை, முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து, உங்கள் மாடலுக்கான ரிப்பேர் மேனுவலில் உள்ள அளவுக்கே முறுக்குங்கள், கைக்கணக்கு வேண்டாம். பின்பக்கத்துக் காலிபரில் ஹேண்ட்பிரேக் அமைப்பும் சேர்ந்திருப்பதால் பிஸ்டனை நேராக அமுக்க முடியாது, தனிக் கருவியால் திருகித் தள்ள வேண்டும். எலக்ட்ரிக் ஹேண்ட்பிரேக் உள்ள கார்களில் முதலில் ஸ்கேனர் போட்டுப் பிஸ்டனைப் பின்வாங்க வைக்க வேண்டும். அதையும் பழைய ஆயிலையும் காற்றையும் வெளியேற்றும் முழு பிளீடிங்கையும் நல்ல ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள், கூடவே நில்லுங்கள்.

அடுத்தது பெடிங், அதாவது புது பேடைப் பழக்குவது. இதைச் செய்யாமல் டிராக்கில் இறங்கினால் நல்ல பேடும் முதல் சூட்டிலேயே ஃபேட் ஆகும். விடியற்காலையில் ஆளில்லாத, நேரான ரோடு வேண்டும், பின்னால் வண்டி வரக் கூடாது. 90-லிருந்து 20 வரை, சீராக, பலமாக, ஏபிஎஸ் துடிக்காத அளவுக்குப் பிரேக் பிடியுங்கள். முழுதாக நிறுத்தக் கூடாது. எட்டு, பத்து தடவை செய்யுங்கள். நடுவில் ஒரு சுட்ட நாற்றம் வரும், பயப்பட வேண்டாம், அது பிசின் வேகும் வாசனை. முடிந்ததும் பத்து நிமிடம் பிரேக் தொடாமலே ஓட்டி ஆறவிடுங்கள். டிஸ்க்கில் சீரான சாம்பல்நீலப் பூச்சு ஒன்று தெரிந்தால் சரியாக வந்திருக்கிறது. பேடின் பொருள் டிஸ்க்கில் ஒட்டிக்கொண்ட படலம் அது. சூடான டிஸ்க்கின் மேல் பேடை அமுக்கிக்கொண்டு நின்றால் அந்த ஓர் இடத்தில் மட்டும் படலம் தடித்துவிடும். அப்புறம் பிரேக் போடும்போதெல்லாம் ஸ்டியரிங் நடுங்கும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று பலர் நினைப்பது பெரும்பாலும் இதைத்தான்.

டிராக் அன்றைக்கு மூன்று விஷயம் மனதில் இருக்கட்டும். ஒரு செஷனில் நாலைந்து சுற்றுக்கு மேல் வேகமாகப் போகாதீர்கள், கடைசிச் சுற்றைப் பிரேக்கே தொடாத மாதிரி ஓட்டி ஆறவிட்டு உள்ளே வாருங்கள். பேடாக்கில் ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், ஆட்டோமேட்டிக் கியரை 'பி'-யில் (பார்க்) வைத்துச் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள், பெடலிலிருந்து காலை எடுங்கள். நம் காரில் எக்ஸ்டிஎஸ் என்று ஒன்று இருக்கிறது. வளைவில் முறுக்கித் திருப்பும்போது உள்பக்கத்து முன் சக்கரத்தை அதுவே லேசாகப் பிரேக் பிடிக்கும். நீங்கள் மிதிக்காமலே சேருகிற சூடு அது. ஸ்டியரிங்கைக் குறைவாகத் திருப்பி, பொறுத்து ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் அந்த வேலையும் குறையும். கோவையில் செட்டிப்பாளையம் கரி டிராக்கில் ஓட்டினால் இதை இன்னும் அதிகம் உணர்வீர்கள். அங்கே நேர்ப்பாதைகள் குட்டை, டிஸ்க்குக்கு ஆற நேரமே கிடைக்காது.

முதல் செஷன் முடிந்து சக்கரம் ஆறியதும் வீல் போல்ட்டை மறுபடி ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். கழற்றிய கம்பெனி பேடைத் தூக்கிப் போடாதீர்கள். இடது உள், இடது வெளி, வலது உள், வலது வெளி என்று மார்க்கரில் எழுதி டிக்கியில் வையுங்கள். மறுநாள் காலை, வீட்டு வாசலில், முன் சக்கரம் இரண்டையும் கழற்றி உள் பேடையும் வெளி பேடையும் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கைடு பின் ஒட்டுகிறது, அதைச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்த பிறகுதான் அடுத்த டிராக் டேவுக்குப் பெயர் கொடுக்க வேண்டும்.